முப்பதுக்கு எத்தனை? மறதி நோயை உலகம் எண்ணிய வரலாறு

நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் மாடிக்கு இரண்டு பேராவது இருப்போம். அதனால்தான் மூத்தோருக்கான ஞாபகசக்தி பரிசோதனை முகாம் பற்றிய அறிவிப்புகள் நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்து விழுகின்றன. பத்து நிமிடம் சில கேள்விகள், கடைசியில் முப்பதுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது? அதை வைத்து உலகம் மறதி நோயாளிகளை எப்படி எண்ணியது? அந்த எண்ணிக்கை ஏன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது? இந்த இதழில் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு எண்கள். 2010-ல் வெளியான இந்திய டிமென்ஷியா அறிக்கை, நாட்டில் 37 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்றது. 2023-ல் வெளியான லாசி-டாட் என்ற தேசிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர் என்றது. இடைவெளி 13 ஆண்டுகள்தான். எண்ணிக்கையோ இரண்டு மடங்குக்கு மேல். முதியோர் தொகை கூடியது உண்மைதான். ஆனால் அது இந்தக் காலத்தில் இரண்டு மடங்காகிவிடவில்லை. மீதி வித்தியாசத்தில் பெரும் பங்கு, எண்ணிய முறையிலிருந்து வருகிறது. வங்கியில் இரண்டு பேரேடுகள் ஒத்துப்போகாவிட்டால், பணம் திருட்டுப் போனது என்று உடனே கத்த மாட்டோம். எந்த எண்ட்ரி எங்கே, எந்த முறையில் போடப்பட்டது என்று பார்ப்போம். இங்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணத் தேவையில்லை என்று இருந்த காலம்

1901-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு அவுகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி கொண்டுவரப்பட்டார். தன் பெயரை எழுதத் தொடங்கினால் பாதியில் மறந்துவிடும் நிலை. அவரைப் பார்த்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-ல் அந்த அம்மையார் இறந்த பிறகு, அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தான் கண்ட மாற்றங்களை அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரக் கூட்டத்தில் விவரித்தார். 1910-ல் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அல்சைமர் என்பது நடுத்தர வயதில் வரும் ஓர் அபூர்வ நோயாகவே கருதப்பட்டது. எழுபது, எண்பது வயதில் புத்தி தடுமாறினால் அது நோய்க் கணக்கில் வராது. மூப்புத் தளர்ச்சி, ரத்தக் குழாய் அடைப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நம் வீடுகளில் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பதைப் போல.

இந்த எண்ணத்தை மாற்றியதில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர் முதியோரிடம் உயிரோடு இருக்கும்போதே கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் இறந்த பிறகு மூளையில் அல்சைமர் கண்ட அதே படிவுகளை எண்ணினார்கள். மதிப்பெண் மோசமாக இருந்தவர்களின் மூளையில் படிவுகள் அதிகம் என்பதை 1968-ல் வெளியிட்டார்கள். கேள்வி-பதிலில் கிடைக்கும் ஒரு எண்ணுக்கு உடலில் ஆதாரம் உண்டு என்று அப்போது தெரிந்தது.

1976-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறிய தலையங்கம் எழுதினார். நடுத்தர வயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான் என்று வாதிட்டு, அப்படிச் சேர்த்து எண்ணினால் அமெரிக்காவில் மரணத்துக்கான காரணங்களில் இது நான்காவது அல்லது ஐந்தாவது இடத்தில் இருக்கலாம் என்றார். புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. தலைப்பு மட்டும் மாறியது. அபூர்வ நோய் பெருநோய் ஆனது.

முப்பது மதிப்பெண் பிறந்த கதை

அதற்கு முந்தைய ஆண்டு, 1975-ல், மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹ்யூ ஆகிய மூவர் மினி மென்ட்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன் என்ற சிறு தேர்வை வெளியிட்டனர். சுருக்கமாக எம்.எம்.எஸ்.இ. இன்று என்ன தேதி, நாம் எந்த ஊரில் இருக்கிறோம் போன்றவற்றுக்கு 10 மதிப்பெண். மூன்று பொருள்களின் பெயரைத் திருப்பிச் சொல்ல 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க, அல்லது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்ட 5. முன்பு சொன்ன மூன்று பொருள்களை நினைவுபடுத்த 3. படிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது உள்ளிட்ட மொழி, கைவேலைகளுக்கு 9. மொத்தம் 30.

மருத்துவமனை நோயாளிகளின் நிலையை டாக்டர்கள் விரைவாகக் குறித்துக்கொள்ள உருவான கருவி இது. ஊர் முழுக்கக் கணக்கெடுக்க உருவானதல்ல. ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். உலகெங்கும் பரவியது. 24-க்குக் கீழே என்றால் சந்தேகம் என்ற எல்லைக்கோடும் கூடவே பரவியது.

டாக்டர் பார்த்தது நோயையா, பள்ளிக்கூடத்தையா?

1982-ல் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் 97 நோயாளிகளுக்கு இந்தத் தேர்வை வைத்து, தனியாக மனநல மருத்துவரும் பரிசோதித்தார். உண்மையில் பாதிப்பு உள்ளவர்களில் 87 சதவீதம் பேரைத் தேர்வு பிடித்தது. பாதிப்பு இல்லாதவர்களில் 82 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. மீதி 18 சதவீதம் பேரைத் தவறாகப் பிடித்தது. அப்படித் தவறாகப் பிடிபட்ட அத்தனை பேரும் ஒன்பது ஆண்டுக்குக் குறைவாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்!

1993-ல் 18,056 அமெரிக்கர்களின் மதிப்பெண்கள் வெளியாயின. ஒன்பது ஆண்டுக்கு மேல் படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டும் அதற்குக் குறைவும் படித்தவர்களுக்கு 22. அதாவது பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களில் நட்ட நடுவில் நிற்கும் ஒரு சாதாரண மனிதரே 24 என்ற கோட்டுக்குக் கீழே. நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போவது நமக்குச் சாதாரணம். பென்சிலே பிடித்திராத பாட்டிக்கு ஐங்கோணம் வரைவது சாதாரணமா?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறைந்த படிப்பு மதிப்பெண்ணை மட்டும் குறைக்கிறதா, நோய் வரும் வாய்ப்பையே கூட்டுகிறதா? 1987-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரிடம் சீன மொழியில் தேர்வு நடத்தியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர் எல்லைக்கோடு, தொடக்கப் பள்ளி வரை படித்தவர்களுக்கு வேறு, அதற்கு மேல் படித்தவர்களுக்கு வேறு என்று வைத்தார்கள். அப்படிச் சலுகை கொடுத்து, டாக்டர்கள் நேரில் பரிசோதித்த பிறகும், படிக்காதவர்களிடம் டிமென்ஷியா அதிகமாகவே இருந்தது. லான்செட் மருத்துவ இதழின் குழுவும் 2017 முதல் குறைந்த கல்வியை ஓர் ஆபத்துக் காரணியாகவே பட்டியலிடுகிறது. எல்லைக்கோட்டைத் தாழ்த்தாவிட்டால் நல்லவர்கள் மாட்டுவார்கள். அதிகம் தாழ்த்தினால் நோயாளிகள் நழுவுவார்கள். ஆய்வாளர்களை இன்றும் விடாத சங்கடம் இது.

ஆயிரம் பேருக்கு ஒரு கணக்கு

பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 1,000 பேர். உண்மையில் டிமென்ஷியா உள்ளவர்கள் 50 பேர், அதாவது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 87, 82 என்ற அளவுள்ள தேர்வை எல்லோருக்கும் வைக்கிறோம்.

நோயுள்ள 50 பேரில் 87 சதவீதம், ஏறத்தாழ 44 பேர், பிடிபடுவார்கள். 6 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 950 பேரில் 18 சதவீதம், அதாவது 171 பேர், தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் பிடிபட்டவர்கள் 215. தேர்வை மட்டும் நம்பி அறிக்கை எழுதினால், இந்தப் பேட்டையில் 21.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்று எழுத வேண்டியிருக்கும். உண்மையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்.

இன்னும் கவனியுங்கள். அந்த மருத்துவமனையில் பிடிபட்டவர்களில் தவறானவர்கள் 39 சதவீதம்தான். அதே தேர்வு நம் கற்பனைப் பேட்டைக்கு வந்ததும் 215-க்கு 171, ஏறத்தாழ 80 சதவீதம் தவறு. தேர்வு மாறவில்லை, தேர்வு எழுதியவர்கள் மாறிவிட்டார்கள். நோய் அதிகமுள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும் கருவி, நோய் குறைந்த இடத்தில் ஊரையே சந்தேகப்படும்.

இதனால்தான் பெரிய ஆய்வுகள் இரண்டு கட்டமாக நடக்கின்றன. முதலில் எல்லோருக்கும் சிறு தேர்வு. பிறகு குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை டாக்டர் நேரில் பார்ப்பார். கூடவே நல்ல மதிப்பெண் பெற்றவர்களிலும் சிலரை மாதிரிக்காகப் பார்ப்பார். இங்கேயும் ஒரு சூட்சுமம். தேறிய 800 பேரில் 40 பேரை மட்டும் டாக்டர் பார்க்கிறார் என்று கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்கு நோய் என்றால், அந்த ஒருவர் 20 பேருக்குப் பிரதிநிதி. இருவர் என்றால் 40 பேர். தேறாத 200 பேரில் 50 நோயாளிகள் கிடைத்திருந்தால், மொத்தம் 5 சதவீதமா, 7 சதவீதமா, 9 சதவீதமா என்பதை அந்த 40 பேரில் ஒருவரோ இருவரோதான் தீர்மானிக்கிறார்கள்.

1989-ல் அமெரிக்காவின் ஈஸ்ட் பாஸ்டன் ஆய்வு வெளியானது. 3,623 முதியோருக்குச் சிறு நினைவாற்றல் தேர்வு, அவர்களில் 467 பேருக்கு மருத்துவப் பரிசோதனை. முடிவு: 65 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதம் பேருக்கும், 85 வயதுக்கு மேற்பட்டோரில் 47.2 சதவீதம் பேருக்கும் அல்சைமர் இருக்கலாம். எண்பத்தைந்தைத் தாண்டினால் பாதிப் பேருக்கு என்ற வாசகம் நம் ஊர்ப் பத்திரிகைகள் வரை வந்ததற்கு வேர் இதுதான். அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1992-ல் தந்த எண்ணிக்கையோ இதைவிட வெகு குறைவு.

எது நோய் என்ற வரையறை

தேர்வு சரியாக இருந்தாலும், டாக்டர் எந்தப் புத்தகத்தைப் பார்த்து நோய் என்கிறார் என்பது முக்கியம். 1997-ல் கனடாவில், ஒரு பெரிய முதியோர் ஆய்வில் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்ட 1,879 பேரின் விவரங்களை எடுத்து, ஆறு வெவ்வேறு வரையறைகளால் அளந்து பார்த்தார்கள். ஒரு வரையறைப்படி டிமென்ஷியா 3.1 சதவீதம். இன்னொன்றின்படி 29.1 சதவீதம். அதே ஆட்கள், அதே கோப்புகள்! ஆறு வரையறையும் ஒருமித்து நோயாளி என்று ஒப்புக்கொண்டது 20 பேரை மட்டுமே.

பல்லப்கரிலிருந்து வேலூர் வரை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய-அமெரிக்க ஆய்வு ஒன்று நடந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரில் 73 சதவீதத்தினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆங்கிலத் தேர்வை அப்படியே மொழிபெயர்க்காமல் ஆய்வாளர்கள் புதிதாக யோசித்தார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்வது. அட்டையில் எழுதியதைப் படித்துச் செய்வதற்குப் பதில் எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்வது. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்வது. முடிவு: 65 வயதுக்கு மேற்பட்டோரில் 1.36 சதவீதம். உலகிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கைகளில் ஒன்று. மஞ்சள் காரணமா, சைவ உணவு காரணமா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. ஆனால் 1996-ல் வெளியான கேரளக் கிராம ஆய்வு 60 வயதுக்கு மேல் 3.4 சதவீதம் என்றது. சென்னைக்கு அருகே திருப்போரூரில் நடந்த ஆய்வு 3.5 சதவீதம் என்றது.

1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற விநோதமான பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினர். உலக டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. படிப்பறிவு குறுக்கே வராத தேர்வும், வீட்டாரிடம் தனியாகக் கேட்கும் கேள்விகளும் சேர்ந்தது இவர்கள் முறை. 2008-ல் ஏழு நாடுகளில் சுமார் 15,000 முதியோரைப் பற்றிய முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-4 வரையறைப்படி இந்தியக் கிராமத்தில் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3 சதவீதம். இருபது மடங்கு வித்தியாசம். 10/66 முறைப்படி எல்லா இடங்களும் 5.6 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் இடையில் அடங்கிவிட்டன. சென்னையில் 7.5, வேலூர்க் கிராமங்களில் 10.6.

ஏன் இப்படி? டி.எஸ்.எம். வரையறைப்படி மறதி இருந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வேலை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தாத்தாவுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதும், மருந்து கொடுப்பதும், வெளியே போனால் துணைக்குப் போவதும் மருமகளோ பேரனோ இயல்பாகச் செய்வது. "அவரால் முடியாததால் செய்கிறீர்களா?" என்று கேட்டால், "பெரியவங்களுக்கு நாமதானே செய்யணும்" என்பார்கள். படிவத்தில் பாதிப்பு இல்லை என்று பதிவாகும். 10/66 முறையில் கண்டறியப்பட்ட 1,345 பேரில் 847 பேர் டி.எஸ்.எம். கணக்கில் வரவில்லை. ஆனால் அவர்களும் அன்றாட வாழ்வில் இயலாமையோடு இருந்தவர்கள்தான் என்பதை அளந்து காட்டினார்கள். மரியாதையும் பாசமும் சேர்ந்து நோயை மறைத்துவிட்டன.

அளவுகோலை மாற்றாமல் வைத்தவர்கள்

இங்கிலாந்து வேறொரு பாடம் தருகிறது. 1989-94 காலத்தில் ஓர் ஆய்வு. 2008-11-ல் அதே பகுதிகளில், அதே கேள்விகள், அதே முறை. பழைய விகிதம் தொடர்ந்திருந்தால் 2011-ல் 8,84,000 பேருக்கு டிமென்ஷியா இருக்க வேண்டும். கிடைத்ததோ 6,70,000. 8.3 சதவீதத்துக்குப் பதில் 6.5. வயதுவாரியாகப் பார்த்தால் நோய் குறைந்திருக்கிறது! அளவுகோல் மாறாததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. முதல் முறை ஒத்துழைத்தவர்கள் 80 சதவீதம், இரண்டாம் முறை 56 சதவீதம் என்ற குறையும் உண்டு. அதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

அதே இங்கிலாந்தில், மதிப்பிட்ட எண்ணிக்கைக்கும் டாக்டர்களின் பதிவேட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க, 2014 அக்டோபரில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். பதிவேட்டில் கூடும் ஒவ்வொரு டிமென்ஷியா நோயாளிக்கும் குடும்ப டாக்டருக்கு 55 பவுண்டு. தலைக்கு விலையா என்று டாக்டர்களே எதிர்த்தார்கள். 2015 மார்ச்சோடு அது முடிந்தது. ஒரு மதிப்பீடு இலக்காக மாறும்போது என்ன நடக்கும் என்பது, டெபாசிட் டார்கெட் பார்த்த வங்கிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்கு இதில் என்ன?

அறிகுறி எதுவும் இல்லாத முதியோர் எல்லோருக்கும் இந்தத் தேர்வை வைக்கலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2020-லும் போதுமான ஆதாரம் இல்லை என்றே பதில் சொன்னது. ஆகவே முகாமுக்குப் போவது உங்கள் விருப்பம். போனால் சிலவற்றை மனத்தில் வையுங்கள்.

மதிப்பெண் ஒரு சந்தேகக் குறி மட்டுமே. தேர்வு உங்கள் தாய்மொழியில் நடக்கிறதா, படித்த ஆண்டுகளைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மதிப்பெண் குறைந்தால் நரம்பியல் அல்லது மூத்தோர் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை தேவை. பி-12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு.

முகாமில் கிடைத்த ஒரு துண்டுச் சீட்டை வைத்து அப்பாவின் செக்புக்கை வாங்கி வைப்பதோ, அம்மாவிடம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அவசரப்படுவதோ வேண்டாம். ஆயிரம் பேர் கணக்கில் தவறாகப் பிடிபட்ட அந்த 171 பேரில் அவரும் ஒருவராக இருக்கலாம்.

நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். தப்பிய 6 பேர் இருக்கிறார்கள். நன்கு படித்தவர்கள், நோய் தொடங்கிய பிறகும் 28 வாங்கிவிடக்கூடும். மின்கட்டணம் கட்ட மறப்பது, தினமும் போகும் கடையிலிருந்து வழி தடுமாறுவது, ஆண்டுக்கணக்காகச் செய்த சமையலில் வரிசை தவறுவது என ஆறு மாதமாக ஏதாவது மாறியிருக்கிறதா? அதைக் கவனிக்கக்கூடியவர்கள் கூடவே இருக்கும் நீங்கள்தான். வேலூரிலும் சென்னையிலும் விட்டுப்போனது அதுதான். பெரியவர்களுக்கு இயல்பாகச் செய்யும் உதவிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும்போது, "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று முடித்துவிடாமல், அந்த நோட்டை அவரிடம் கொடுங்கள்.